நோட்டீஸில் என் பெயர்

1

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவின் நோட்டீஸ் அச்சுக்குப் போகிற வாரத்தில் தாராவியில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் போனை அணைத்துவைக்க முடியாது. ஊர்ச் சங்கத்தின் செயலாளர் தங்கராஜ் அண்ணாச்சி வரிசையாகக் கூப்பிடுவார். கோயில் வரி கட்டியாயிற்றா என்று கேட்பது ஒரு நிமிடம். பெயரை எப்படிப் போடுவது என்று பேசுவது பத்து நிமிடம். இனிஷியல் விட்டுப்போனதற்காக ஒரு வருடம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல் நடந்தவர்கள் எங்களில் உண்டு.

நேற்று மத்தியானம் எனக்கும் கூப்பிட்டார். என் கார்கானாவில், பை தைக்கும் பட்டறையில், ஆறு மிஷினும் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே சந்துக்கு வந்து பேசினேன்.

"ஏ முத்து, இந்த வருசம் உம் பேரப் போட்டுரலாமா? ரெண்டு வருசமா விட்டாச்சு. இப்பந்தான் எல்லாம் சரியாயிட்டுல்லா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சரி என்றவர், இன்னொரு வேலையும் வைத்தார். இந்த வருடம் நோட்டீஸோடு ஒரு சிறிய மலரும் போடுகிறார்களாம். அதில் மும்பையில் நம் ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். ஊரில் இருப்பவர்கள் படிக்க ஆசைப்படுவார்கள், சந்தில் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் நீதான் என்றார். அது பாதி உண்மை. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தேன். இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழை இந்தி எழுத்தில் எழுதிப் படிக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் பத்திரமோ கோர்ட் காகிதமோ படிக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

அண்ணாச்சி எதிர்பார்ப்பது மழை, லோக்கல் ரயில் கூட்டம், சயான் ஆஸ்பத்திரி வாசலில் ஊர்க்காரனை ஊர்க்காரன் அடையாளம் கண்டுகொண்ட கதை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அரைப் பக்கம் எழுதியதும் எனக்கே எரிச்சல் வந்தது, கிழித்துப் போட்டேன். மும்பையில் நான் எப்படிப் பிழைத்தேன் என்று நேர்மையாக எழுதினால் அது வேறு கதை. இதை மலரில் போடுவதும் போடாததும் அண்ணாச்சியின் பாடு.

2

என் முழுப்பெயர் சுடலைமுத்து. இங்கே முத்து சேட். பத்தொன்பது வயதில் வந்து, ஒரு ஆறு வருடம் அடுத்தவர் கார்கானாவில் பை தைத்தேன். பிறகு சொந்தமாக இரண்டு மிஷின், நான்கு, இப்போது ஆறு. லேப்டாப் பைகள். ஐரோலியில் இருக்கும் கம்பெனிகள் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கிற பைகளில் பாதி எங்கள் சந்தில் தைத்தவை. பையில் அவர்கள் கம்பெனியின் பெயர் இருக்கும், எங்கள் பெயர் இருக்காது. அது ஒரு குறையாகவே எனக்கு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கல்யாணம் ஊரில். பெண் கீழத்தெரு, சுந்தரி. கார்கானாவுக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து வருடம் என்னோடு இருந்தாள். மகள் தர்ஷினி சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். கீழே ஓடும் மிஷின் சத்தத்தில் தூங்கிப் பழகியவள், ஞாயிற்றுக்கிழமை மிஷின் நின்றால் அழுவாள்.

எங்களுக்குள் என்ன சண்டை என்று ஊரில் பல கதைகள் உண்டு. உண்மை சின்னது, அசிங்கமானது. நான் குடிப்பேன். குடித்தால் கை நீளும். இரண்டாவது பிள்ளைக்கு ஊருக்குப் போனாள், அந்தப் பிள்ளை தங்கவில்லை. தந்தி போல மச்சினன் ஒரு வரி சொல்லி போனை வைத்தான். பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன், போகவில்லை. அதற்குப் பிறகு அவள் திரும்பி வரவில்லை. தர்ஷினிக்கு அப்போது நான்கு வயது.

நான் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். வந்து என்னோடு இருந்தால் சோறு போடுவேன், அங்கே இருந்துகொண்டு கேட்டால் எப்படிப் போடுவது. கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் பீடி சுற்றி மகளைப் படிக்கவைத்தாள்.

3

ஏழு வருடம் பொறுத்துவிட்டு அவள் நெல்லையில் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டாள். வருமானம் எவ்வளவு என்று சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தேன். இன்னொருவர் கார்கானாவில் கூலிக்குத் தைக்கிறேன், எனக்கென்று எதுவும் இல்லை, வாடகை போக மிஞ்சுவது சாப்பாட்டுக்கே பற்றாது. அதை எழுதியது வக்கீல் குமாஸ்தா இல்லை, நானேதான். தமிழில் முதலாவதாக வந்தவன் அல்லவா, நன்றாகவே எழுதியிருந்தேன். படித்தால் எனக்கே பாவமாக இருந்தது.

கோர்ட் அதை நம்பி, மகளுக்கும் அவளுக்குமாக மாதம் ஆறாயிரம் போட்டது. மூன்று மாதம் அனுப்பினேன். நான்காவது மாதம் யாரோ ஒரு கல்யாண வீட்டு போட்டோவை எனக்கு அனுப்பினார்கள். அதில் சுந்தரி பட்டுச்சேலை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பணத்தில் பட்டு என்று முடிவுகட்டி நிறுத்தினேன். அது அவள் அண்ணியின் சேலை என்று பிறகு தெரிந்தது. அவள் சொந்தமாக வாங்கிய பட்டாகவே இருந்தால்தான் என்ன என்று கேட்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை.

அந்த வருடம் கொடைக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியான அன்னதானம் என் உபயம். ஐம்பத்தோராயிரம். நோட்டீஸில் கடைசிப் பக்கத்தில், கட்டம் கட்டி, 'தொழிலதிபர் சுடலைமுத்து, மும்பை' என்று போட்டிருந்தார்கள். அதற்கு முந்திய நான்கு வருடமும் சிறியதாகவோ பெரியதாகவோ என் பெயர் நோட்டீஸில் வந்திருந்தது. பந்தி, வாணவேடிக்கை, மைக் செட் என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று. வெளியூரில் வேர்வை சிந்துகிறவனுக்கு இது ஒன்றுதான் பட்டம் என்று சொல்லிக்கொள்வேன்.

கொடை முடிந்து திரும்பிய அண்ணாச்சி, பந்தி பிரமாதம், ஊரே வாழ்த்தியது என்றார். உன் மகளும் பந்தியில் இருந்தாள், நன்றாக வளர்ந்துவிட்டாள் என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்குக் கோர்ட் போட்ட பணத்தை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊரோடு ஊராக வரிசையில் உட்கார்ந்து அவள் என் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாள், நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

4

ஒரு நாள் காலையில் போலீஸ் ஹவல்தார் ஒருவர் கார்கானாவுக்கு வந்தார். எங்கள் சந்துக்குப் பழக்கமானவர், பாஸ்போர்ட் விசாரணை, வாடகைதாரர் விவரம் என்று அடிக்கடி வருவார். டீ சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சேட், ஜரா பட்கே பதாவ் நா. மதராசி மே ஹை."

தமிழில் இருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்கிறார். வாங்கிப் பார்த்தேன். என் பெயர், என் அப்பா பெயர், தாராவி முகவரி, பதினோரு மாத ஜீவனாம்சப் பாக்கி, பிடிவாரண்ட். கூலித் தொழிலாளி என்று நான் எழுதிக்கொடுத்த முகவரி பழைய கார்கானாவுடையது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அதனால்தான் அவர் அலைந்து, தமிழ் தெரிந்த சேட்டிடம் வந்திருக்கிறார். சுடலைமுத்துவையும் முத்து சேட்டையும் அவர் ஒரே ஆளாக நினைக்கவில்லை.

மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் என் வாரண்டை வரிவரியாக இந்தியில் அவருக்குப் படித்துச் சொன்னேன். பெண்டாட்டி பிள்ளைக்குப் பணம் கட்டாத ஆள், பிடித்து ஆஜர்படுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் சரியாகவே சொன்னேன். ஆளைத் தெரியுமா என்று கேட்டார். இருந்தான், போன வருடமே துபாய்க்குப் போய்விட்டான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, எப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள் பார் சேட், பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாதவன் மனுசனா என்றார். நானும் ஆமாம் என்றேன். டீயைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிப் போனார்.

நான்கு நாள் கழித்துத் திரும்ப வந்தார், அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு. சங்கச் செயலாளர் என்றால் எல்லோரையும் தெரிந்திருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஹவல்தார் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவு நன்றாகப் படித்தாயே சேட், பெயரை மட்டும் படிக்கத் தெரியவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். மிஷினில் இருந்த ஆறு பேருக்கும் இந்தி தெரியும்.

அண்ணாச்சியே ஜாமீன் கையெழுத்துப் போட்டார். குறித்த தேதிக்கு நெல்லையில் ஆஜராக வேண்டும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே திரும்பினோம். வீட்டு முக்குக்கு வந்ததும் அவர் நின்றார்.

"ஐம்பத்தோராயிரம் எங்கிட்ட குடுக்கும்போது இது எனக்குத் தெரியாது கேட்டியா. தெரிஞ்சிருந்தா அந்த ரூவாய நான் கையால தொட்டிருக்க மாட்டேன்."

5

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தரப்பு ஆண்கள் பல பேருக்கு அது சட்டம் என்றே நினைப்பு. ஜீவனாம்சம் கட்டாவிட்டால் ஒரு மாதம் உள்ளே வைப்பார்கள், போய் இருந்துவிட்டு வந்தால் பாக்கி கழிந்தது. டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. போய்வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு மாதம் கார்கானாவைத் தம்பி முறை ஒருவன் பார்த்துக்கொண்டால் அறுபத்தாறாயிரம் மிச்சம் என்று நான் கணக்குப் போட்டேன். வக்கீல் வைப்பது வீண் செலவு என்று வைக்கவும் இல்லை. நாகர்கோவில் ரயிலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு, லேசான மனதோடுதான் போனேன்.

கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினேன். நீதிபதி ஒரு அம்மா. சுடலைமுத்து நீங்கள்தானா என்று கேட்டார். இருபத்தைந்து வருட மும்பைப் பழக்கம், ஆமாம் ஐயா என்பது வாயில் இந்தியில் "ஹா சாப்" என்று வந்துவிட்டது. பின்னால் இரண்டொருவர் சிரித்தார்கள். சுந்தரி பெஞ்சில் இருந்தாள், சிரிக்கவில்லை. அவள் தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது.

பணம் இல்லை, கூலிக்காரன், கட்ட முடியாது, என்ன தண்டனையோ கொடுங்கள் என்று தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். அப்போது அவள் தரப்பு வக்கீல் எழுந்து ஐந்து கொடை நோட்டீஸ்களை நீதிபதியிடம் கொடுத்தார். மச்சினன் செய்த வேலை என்று நினைத்தேன். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி நோட்டீஸைச் சத்தமாகவே படித்தார். தொழிலதிபர் என்ற சொல்லை அந்த அறையில் கேட்டபோதுதான் அது எப்படிப்பட்ட சொல் என்று எனக்குத் தெரிந்தது.

"அன்னதானம் போட்டது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அப்ப கூலிக்குத் தைக்கிறேன்னு இதுல சத்தியம் பண்ணியிருக்கிறவரு யாரு?"

நான் எழுதிய பிரமாணத்தை அவர் இன்னொரு கையில் பிடித்திருந்தார். இரண்டிலும் என் பெயர். பொய்ப் பிரமாணத்துக்குத் தனியாக வழக்கு வரும் என்று எச்சரித்தார். இப்போதே பாதியாவது கட்டுகிறீர்களா என்று இரண்டு முறை கேட்டார். கட்டியிருக்கலாம், போனில் பணம் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் போனை எடுத்தால் பொய் சொன்னது உறுதியாகிவிடும் என்று ஒரு வீம்பு. இல்லை என்றேன். ஒரு மாதம் சிறை என்றார்.

6

பாளையங்கோட்டையில் இருந்த ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாடு போட்டார்கள், தூங்கினேன். என்னைப் போலவே உள்ளே வந்திருந்த இரண்டு பேரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள், கழிந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில். வெளியே வந்து, கீழத்தெருப் பக்கம் எட்டியும் பார்க்காமல் ரயிலேறினேன். முதுகுவலிக்கு ஊரில் வைத்தியம் பார்த்தேன் என்று கார்கானாவில் சொன்னேன். அண்ணாச்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். சங்கத்து வாட்ஸாப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஊர் ரோட்டோரம் எனக்குப் பத்து சென்ட் இடம் உண்டு, வீடு கட்டுவதற்கென்று வாங்கிப் போட்டது. அந்த இடத்தின் முன்னால் வி.ஏ.ஓ. காகிதத்தோடு நிற்கிறார். தமுக்கு அடிக்கிறார்கள். தலையாரி சத்தம் போட்டுச் சொல்கிறார்: பெண்டாட்டி பிள்ளைக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்சப் பாக்கிக்காகச் சுடலைமுத்துவின் இந்த இடம் ஜப்தி செய்யப்படுகிறது, யாரும் வாங்கவோ ஒத்திக்கு எடுக்கவோ கூடாது. பிறகு வேலிக்கல்லில் காகிதத்தை ஒட்டுகிறார்கள். கொடையில் மைக்கில் என் பெயரைச் சொல்லும்போது கூட நிற்கிற அதே ஆட்கள்தான் கூட நிற்கிறார்கள்.

குரூப்பில் இருநூறு பேருக்கு மேல் இருப்போம். யார் வேலைக்குப் போனாலும் வாழ்த்து, யார் இறந்தாலும் அனுதாபம் என்று ஓயாத குரூப். அன்று ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எல்லோரும் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் ஒருவர் சாமி படம் போட்டார், மறுபடி வழக்கம்போல ஓட ஆரம்பித்தது.

அந்த வீடியோவில் ஒரு இடம் இருக்கிறது. தலையாரி என் பெயரைச் சொல்லும்போது பின்னால் ரோட்டில் பள்ளிக்கூடம் விட்டுப் பெண்பிள்ளைகள் போகிறார்கள். யூனிபார்ம், ரெட்டைச் சடை. அதில் ஒரு பிள்ளை ஒரு நொடி நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள். நான் அந்த இடத்தை நிறுத்தி, பெரிதாக்கி, திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் தர்ஷினியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சொந்த மகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

7

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார். பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில். அண்ணாச்சியே என்னை அழைத்துக்கொண்டு போனார். நான் சிறைக்குப் போய்வந்ததையும் அதோடு தீர்ந்திருக்க வேண்டும் என்பதையும் நியாயம் கேட்பதுபோலச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜெயிலுக்குப் போனா கடன் அடைஞ்சிடும்னு யார் சொன்னா உங்களுக்கு? ஜெயில் உங்களைக் கட்ட வைக்கறதுக்கு. நீங்க உள்ள இருந்த மாசத்துக்கும் சேர்த்துப் பாக்கி ஏறியிருக்கு. அந்தப் பொண்ணு அந்த மாசமும் சாப்ட்ருப்பாளோல்லியோ?"

அவர் சொன்னதை எங்கள் ஆட்களுக்காக இங்கே எழுதுகிறேன். டீக்கடையில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். கட்டாத வரைக்கும் வாரண்ட் மறுபடியும் வரலாம், சிறையும் மறுபடியும் வரலாம். ஜப்தி செய்த இடம் ஏலத்துக்குப் போகும். தொழில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் தொகையையும் கூட்டிக் கேட்பார்கள். பொய்ப் பிரமாணம் தனி. மனைவி சேர்ந்து வாழவில்லை என்ற பேச்சுக்கு நடுவில் பிள்ளையின் சோற்றை யாரும் நிறுத்த முடியாது.

வழக்குக் கட்டு முழுவதற்கும் நகல் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். நகலுக்கு மனுப் போட்டு, கோர்ட் முத்திரை வில்லை ஒட்டி, அவர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பி, ஒரு வழியாக ஒரு கட்டுக் காகிதம் தபாலில் வந்து சேர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மிஷின்கள் நின்ற நேரத்தில், வெட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன். அதில் ஐந்து நோட்டீஸ்களின் ஜெராக்ஸும் இருந்தது, ஒவ்வொன்றிலும் சான்றாவணம் என்று கோர்ட் முத்திரையோடு.

முதல் நோட்டீஸ், தர்ஷினிக்கு எட்டு வயதாக இருந்தபோது வந்தது. அதில் என் பெயரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் கோணல்மாணலாக 'எங்க அப்பா' என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் ஸ்கேல் வைத்து அடிக்கோடு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். மூன்றாவதிலும் அடிக்கோடு, 'மைக் செட் எங்க அப்பா' என்று. நான்காவதில் வெறும் கோடு. ஐந்தாவதில், அந்தத் தொழிலதிபர் நோட்டீஸில், ஒன்றுமே இல்லை. ஐந்திலும் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள், நோட்டில் கோத்துவைத்ததுபோல.

வருமானத்துக்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று சுந்தரியிடம் கேட்டிருப்பார்கள். அவளிடம் என்ன இருக்கும்? மகள்தான் தன் நோட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மச்சினன் இல்லை. யாரும் இல்லை. என்னைப் பிடித்துக்கொடுப்பதற்காக அவள் அதைச் சேர்த்துவைக்கவில்லை. அப்பா இருக்கிறார் என்று காட்டுவதற்கு அவளிடம் வேறு காகிதம் இல்லாததால் சேர்த்துவைத்திருக்கிறாள்.

ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை. அவள் எந்த நிறப் பேனாவால் வட்டம் போட்டாள் என்று தெரியவில்லை. அது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த பையன்கள் மிஷினைப் போடலாமா என்று கேட்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினேன்.

8

இரண்டு மிஷினை விற்று, ஐரோலி ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்கிப் பாக்கியைக் கட்டினேன். ஜப்தி நீங்கியது. தொகையைப் பன்னிரண்டாயிரமாகக் கூட்டிக் கேட்டார்கள், நான் எதிர்க்கவில்லை. என் உண்மையான வருமானத்தை எழுதிப் புதுப் பிரமாணம் கொடுத்து, பழையது பொய் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அதைத் தமிழில் எழுதும்போது ஒரு வாக்கியமும் நன்றாக வரவில்லை. விற்றவற்றில் ஒரு மிஷினைப் பிறகு வேறொரு பழையது வாங்கி ஈடுகட்டினேன், இன்னொன்றை இந்த வருடம்தான். குடியை விட்டு ஒன்றரை வருடம். இதில் எதையும் பெருமைக்குச் சொல்லவில்லை. கோர்ட் கழுத்தைப் பிடித்து வைத்ததால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மகளுக்குள்ள பணம் மாதம் ஐந்தாம் தேதி அவள் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது. சுந்தரியின் பங்கு அவள் கணக்குக்கு. சுந்தரி என்னோடு பேசுவதில்லை, பேச வேண்டும் என்று கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. தர்ஷினி இந்த ஒரு வருடத்தில் நான்கு முறை பேசியிருக்கிறாள். பரீட்சை முடிந்தது, நல்லா இருக்கேன், சரி. ஒரு நிமிடத்தைத் தாண்டியதில்லை. அப்பா என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதும் இல்லை. பேச்சில் அந்த இடத்தைச் சுற்றி நடந்து போய்விடுவாள்.

அண்ணாச்சிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று இன்று காலை அவளுக்கு போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தாள். பின்னால் பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டது. அந்த நோட்டீஸ்களைப் பார்த்தேன் என்று சொல்ல நினைத்துத்தான் கூப்பிட்டேன். கேட்டது வேறு.

"கொடை நோட்டீஸ்ல பேரு போடட்டான்னு அண்ணாச்சி கேக்காவ. போடவா, வேண்டாமா? நீ சொல்லு" என்றேன்.

கத்தரிச் சத்தம் நின்றது. அவள்தான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அதெல்லாம் இப்பம் நான் பாக்கது இல்ல" என்றாள். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்காமல், இன்னும் மெதுவாகச் சொன்னாள்: "அஞ்சாந் தேதி போன்ல பேங்கு மெசேஜ் வருதுல்லா. அதுல உங்க பேரு இருக்கும். அதப் பாத்துக்கிடுதேன்."

சரி என்றேன். வைக்கட்டுமா என்று கேட்டாள். அதற்கும் சரி என்றேன்.

அண்ணாச்சியிடம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரியை மட்டும் எல்லோரையும் போலக் கட்டுகிறேன். அவர் முனகினார், வற்புறுத்தவில்லை. இந்தக் கட்டுரையையும் அவரிடம் கொடுத்துவிடுவேன்.

அடுத்த ஐந்தாம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுவேன். பணம் போனதும் என் போனுக்கும் ஒரு மெசேஜ் வரும், யாருக்குப் போயிற்று என்று. அந்த மெசேஜ்களை நான் அழிப்பதில்லை. பதினாறு மாதத்து மெசேஜ்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மகள் பெயர், அதற்கு முன்னால் இனிஷியலாக என் பெயரின் முதல் எழுத்து. அதை அவள் இன்னும் எடுக்கவில்லை.